சபார்டினேட் என்றால் கீழா, சார்பா?

நெல்லைக்காரன்:
விசாரணை நீதிமன்றத்தை 'லோயர் கோர்ட்' என்று எழுதக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் நீதிபதி அபய் ஓகா அமர்வு உச்ச நீதிமன்றப் பதிவகத்துக்கு உத்தரவு போட்டது. அதே கையோடு உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் உள்ள நீதிமன்றங்களைக் குறிக்கும் 'சபார்டினேட் கோர்ட்' என்பதையும் ஒழித்துக்கட்ட வேண்டாமா? தூக்குத் தண்டனையே விதிக்கக்கூடிய அமர்வு நீதிபதிக்கு (செஷன்ஸ் ஜட்ஜ்) இப்படி ஒரு அடைமொழி!

பழைய குமாஸ்தா:
அந்தத் தூக்கை உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாதே தம்பி. அதுதான் சபார்டினேட். லத்தீனில் 'ஆர்டோ' என்றால் வரிசை. வரிசையில் அடுத்த இடம் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. மட்டம் என்று சொல்வது 'இன்ஃபீரியர்'.

நெல்லைக்காரன்:
அரசமைப்பின் 236ஆவது பிரிவைப் பாருங்கள் ஐயா. மாவட்ட நீதிபதிக்கு அடுத்த பதவிகளை 'இன்ஃபீரியர்' என்றே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்க அரசமைப்பிலும் 'இன்ஃபீரியர் கோர்ட்ஸ்'தான். நீங்கள் கிழித்த கோடு சட்டத்தில் இல்லை.

பழைய குமாஸ்தா:
சரி, அது என் தப்பு. சட்ட ஆங்கிலத்தில் இரண்டும் வரிசைதான். வெளியே பேச்சில் மட்டும் ஒன்று வசையாகிவிட்டது.

சொல்வேட்டை:
நம் ஊர்ப் பலகையைப் பார்த்தீர்களா? ஆங்கிலத்தில் 'சப்' என்று வருமிடத்தில் சார்பு நீதிமன்றம், சார் பதிவாளர், சார்நிலைக் கருவூலம். 'கீழ்' என்ற பேச்சே இல்லை. செய்தித்தாள்தான் 'கீழமை நீதிமன்றம்' என்று இறக்கிவிடுகிறது. ஆனால் சார்பிலும் ஒரு வம்பு உண்டு. 'சார்பு நீதிபதி' என்றதும் என் மகள் கேட்டாள்: "யார் பக்கம் சார்பு?"

பழைய குமாஸ்தா:
😀 கட்சிக்காரர்களே கேட்டிருக்கிறார்கள்! இன்னொன்று: அரசமைப்பின் 311ஆவது பிரிவின்படி, அரசு ஊழியரை நியமித்தவருக்கு சபார்டினேட்டான அதிகாரி அவரை டிஸ்மிஸ் செய்ய முடியாது. இந்த ஒரு சொல்லை வைத்தே வேலையைத் திரும்ப வாங்கியவர்கள் உண்டு. இதையும் ஒழிக்கலாமா?

நெல்லைக்காரன்:
அங்கே இருந்துவிட்டுப் போகட்டும். நான் கேட்பது நீதிமன்றத்தின் பெயரை மட்டும். 'மாவட்ட நீதித்துறை' என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பழைய குமாஸ்தா:
ஒன்றும் குறையாது. 235ஆவது பிரிவும் குறையாது: பணியிடம், பதவி உயர்வு, லீவு எல்லாமே உயர் நீதிமன்றத்தின் கையில். பெயரை மாற்றிய மறுநாளும் லீவு விண்ணப்பம் அங்கேதான் போகும்.

நெல்லைக்காரன்:
போகட்டுமே. விண்ணப்பம் போடுகிறவரை மரியாதையாகக் கூப்பிடுங்கள் என்கிறேன்.