கலப்பு மணம் நடந்துவிட்டாலே ஒரு சமூகம் கரைந்துவிட்டதாகக் கொள்ளலாமா?

கேள்வி:
அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு புதிதாக மணமுடித்த ஆசியர்களில் 29 விழுக்காட்டினர் வேற்று இனத்தவரை மணந்திருந்தனர் என்றும், அங்கேயே பிறந்த ஆசியரிடையே அது 46 விழுக்காடு என்றும் பியூ ஆய்வு மையம் கணக்கிட்டுள்ளது. இதைக் காட்டி, இன்னும் இரண்டு மூன்று தலைமுறைகளில் சீனர், ஜப்பானியர், இந்தியர் என்ற அடையாளங்களே அங்கு மறைந்துவிடும் என்று நண்பர் ஒருவர் வாதிடுகிறார். இவ்வாறு முடிவுகட்டுவது சரிதானா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
சரியல்ல என்பதே என் கருத்து. கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் குடியேறிய பஞ்சாபி உழவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1917ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் இந்தியாவிலிருந்து ஆட்கள் வருவதை அடைத்துவிட்டதால், ஊரில் பெண் பார்த்து அழைத்து வர அவர்களுக்கு வழியில்லாமல் போயிற்று. வெள்ளையர் வீட்டில் பெண்ணெடுக்கவோ மாநிலத்தின் கலப்பு மணத் தடைச் சட்டம் குறுக்கே நின்றது. ஆகவே, பருத்திக் காடுகளில் வேலைக்கு வந்த மெக்சிக்கக் குடும்பங்களோடு சம்பந்தம் செய்துகொண்டார்கள். மெக்சிக்கர் சட்டப்படி வெள்ளையர் கணக்கில் இருந்தபோதும், பதிவு எழுத்தர் இருவரின் நிறத்தையும் ‘பழுப்பு’ என்று எழுதிவிட்டால் மண உரிமம் கிடைத்துவிடும். (எழுத்தர் மனம் வைத்தால் சட்டம் எவ்வளவு வளைகிறது, பாருங்கள்!) கூட்டாகக் குத்தகைக்கு உழுத இருவர் அக்காள் தங்கையரை மணந்து சகலைகளானதும் உண்டு.

பிள்ளைகள் தாயோடு ஸ்பானிய மொழி பேசினர், கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றனர். சீக்கியத் தந்தையரோ அதே மாநிலத்தின் ஸ்டாக்டன் நகரிலிருந்த குருத்வாராவைக் கைவிடவில்லை. இதில் அமெரிக்கராகக் கரைந்தது எங்கே? 1923இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கில் இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அத்தகையோர் நிலம் வாங்க மாநிலச் சட்டம் தடை விதித்திருந்ததால், அதன் பிறகு அவர்களால் தம் பெயரில் நிலம்கூட வாங்க முடியவில்லை; அங்கே பிறந்த பிள்ளைகளின் பெயரில் நிலத்தை எழுதிவைத்தவர்களும் உண்டு. இந்தியருக்குக் குடியுரிமை 1946இல்தான் திறந்தது.

மறுமொழி 2:
எண்ணைப் பற்றி ஒரு சொல். பியூவின் கணக்கில் ஆசியர் அனைவரும் ஒரே இனம். கொரியர் ஜப்பானியரை மணந்தாலும், தமிழர் சீனரை மணந்தாலும் அது கலப்பு மணத்தில் சேராது. அத்துடன், ஜப்பானியரிடையே கலப்பு மணம் மிகுந்திருப்பதற்கு, புதிதாக வருவோர் குறைந்துபோனதும் ஒரு காரணமாகும். இந்தியரோ, ஆசியருக்கு மீண்டும் கதவைத் திறந்த 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால், தம்மவரிடையே வரன் தேடுவது அவர்களுக்கு எளிதாகவே இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அந்தப் பஞ்சாபி–மெக்சிக்கப் பிள்ளைகள் பின்னாளில் தம்மை யாராகக் கருதினார்கள்?

மறுமொழி 1:
தந்தை சீக்கியரானாலும் முஸ்லிமானாலும், ஊரார் அவர்களை ‘இந்து’ என்றே அழைத்தனர். பலர் அப்பெயரைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டனர். ஆனால் 1965க்குப் பின் பஞ்சாபிலிருந்து கலிபோர்னியாவின் யூபா சிட்டி நகருக்குக் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தவர்களுக்கோ, பஞ்சாபி பேசத் தெரியாத, தேவாலயத்துக்குச் செல்லும் இவர்களைத் தம்மவராக ஏற்பதில் தயக்கம் இருந்தது.