பேபி சீற்: ஒரு வயதில் திருப்பாவிட்டால் கால் முறியுமாம்!

கல்லடிக்காரன்:
கொழும்புப் பயணம் பற்றிய பேச்சில் நேற்றுக் கல்முனைக் காக்கா எழுதியது இது: "பிள்ளைக்கு ஒரு வயது முடிந்தால் காரில் பேபி சீற்றை முன்பக்கம் பார்க்கத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் கால் மடங்கி முறியும்." அதற்கு 28 பேர் கைதட்டல் வேறு. எனக்கு நித்திரையே வரவில்லை. என் மகளுக்கு இரண்டேகால் வயது. இன்னும் பின்பக்கம் பார்த்துத்தான் இருக்கிறாள், சம்மாணம் கட்டி, மடியில் பிஸ்கட்டை நொறுக்கிக்கொண்டு. செங்கலடி வருமுன் நித்திரை. எந்தக் கால் முறிந்தது?

சின்னப் பிள்ளைக்குத் தலை பாரம், கழுத்து பிஞ்சு. முன்பக்கம் பார்த்திருக்கையில் கார் மோதினால் தலை முன்னுக்கு இழுபடும். பின்பக்கம் பார்த்திருந்தால் முதுகையும் கழுத்தையும் சீற்றே தாங்கிக்கொள்ளும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018இல் வயதுக் கணக்கையே எடுத்துவிட்டது. சீற்றின் உயர, எடை எல்லை வரும் வரை பின்பக்கம்தான்.

கல்முனைக் காக்கா:
எழுதினது நான்தான் தம்பி, ஒளியவில்லை. சீற்றில் ஒட்டியிருக்கிற செம்மஞ்சள் ஸ்டிக்கரில் 9–18 கிலோ என்று இருக்கிறது. என் மகன் ஒரு வயதில் 10 கிலோ. பிறகென்ன? காலை நாலாக மடித்து வைத்து மகாஓயா வரை கொண்டுபோகவா?

கல்லடிக்காரன்:
9 கிலோவில் திருப்பலாம் என்பது வேறு, திருப்ப வேண்டும் என்பது வேறு. பேபி சீற்றுக்கான ஐ.நா.வின் புது விதி ஆர்129. அதில் 15 மாதத்துக்கு முன் திருப்பவே கூடாது. சுவீடனில் நாலு வயது வரைக்கும் பின்பக்கம் வைக்கிறார்கள். அங்கே பிள்ளைகள் எல்லாம் கால் முறிந்தா கிடக்கிறார்கள்?

கல்முனைக் காக்கா:
சுவீடன் கால் வேறு, எங்கள் கால் வேறு.

லண்டன் வாவி:
சிரிப்பாக இருக்கிறது. இங்கே 135 சென்ரிமீற்றர் உயரம் அல்லது 12 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை சீற் கட்டாயம். ஊரில் பிள்ளையை முன் சீற்றில் மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் காலைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

களுவாஞ்சி அம்மா:
லண்டன் மனே, போன ஆடியில் வந்து, மகனை மடியில் வைத்துக்கொண்டு பாசிக்குடா போன படத்தை இதே இடத்தில்தானே போட்டீர்கள்?

லண்டன் வாவி:
அக்கா, அது கிட்டத்து ஓட்டம்.

களுவாஞ்சி அம்மா:
பொழுதுபட ரோட்டில் படுத்திருக்கிற மாடு, கிட்டத்து ஓட்டமா தூரத்து ஓட்டமா என்று கேட்டுவிட்டா எழும்பும்?

கல்லடிக்காரன்:
மாட்டை விடுங்கோ. சீற்றைத் திருப்புவதற்குப் பார்க்க வேண்டியது கால் இல்லை, தலை. உச்சந்தலைக்கும் சீற்றின் மேல் விளிம்புக்கும் இடையில் ஓரங்குலம்கூட இல்லையென்றால் அந்தச் சீற் சிறுத்துவிட்டது. பின்பக்கம் பார்க்கும்போது வார் தோள் மட்டத்தில் அல்லது அதற்குக் கீழே வர வேண்டும், முன்பக்கம் என்றால் தோள் மட்டத்தில் அல்லது மேலே. தோளடியில் வாரைக் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு விரலில் அகப்பட்டால் அது தளர்வு. காக்காவின் படத்தில் வார் பிள்ளையின் முழங்கை வரை தொங்குகிறது! முன் சீற்றில் எயார் பேக் வேலைசெய்கிற காரில் பின்பக்கம் பார்க்கும் சீற்றை முன்னுக்கு வைக்கவே கூடாது. இதையெல்லாம் விட்டுவிட்டுக் கால், கால், கால்.

கல்முனைக் காக்கா:
இவ்வளவு தெரிந்தவர், எங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன 0–13 கிலோ சீற்றை மட்டும் ஏன் திருப்பவில்லை? இரண்டு வருஷம்.

கல்லடிக்காரன்:
மோதின காரிலிருந்து எடுத்த சீற் என்று பிறகுதான் தெரிந்தது. அதில் பிள்ளையை இருத்தக் கூடாது. சாமான் அறையில் கிடக்கிறது. வேறு சீற் காசு கொடுத்து வாங்கினேன், அதைக் கேட்டீர்களா?

கல்முனைக் காக்கா:
மோதினதா? ரிவேர்ஸ் எடுக்கையில் மதிலில் உரசினது தம்பி! மதிலுக்குக்கூட ஒன்றுமில்லை.

களுவாஞ்சி அம்மா:
அந்த மதில் கட்டின மேசனுக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை என்று கேள்வி.

கல்முனைக் காக்கா:
அக்கா, அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

கல்லடிக்காரன்:
திங்கட்கிழமை சீற்றோடு வாறேன், வாசலில் நில்லுங்கோ.

கல்முனைக் காக்கா:
வாங்க. வரும்போது மகளையும் கூட்டிக்கொண்டு வாங்க, காலைப் பார்க்க வேண்டும்.