மூத்த வீரர்களை எந்த வரிசையில் விற்பது?

கேள்வி:
என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணி ஒன்றை வைத்துக் கேட்கிறேன். 20 வயது நட்சத்திர வீரர், ரூக்கி ஒப்பந்தத்தின் (புதுமுக வீரரின் முதல் ஒப்பந்தம்) இரண்டாம் ஆண்டில் இருக்கிறார். கூடவே மூன்று பெரிய சம்பளக்காரர்கள்: 33 வயது பாயிண்ட் கார்டு (ஆட்டத்தை நடத்துபவர்; ஒப்பந்தம் இன்னும் 3 ஆண்டு), 29 வயது விங் (பக்கவாட்டில் ஆடுபவர்; 2 ஆண்டு), 31 வயது சென்டர் (கூடையருகே ஆடுபவர்; இந்த சீசனோடு முடிகிறது). அணி பிளே-இன்னைத் (பிளேஆஃப் எனும் இறுதிச் சுற்றுகளுக்கு முந்தைய தகுதி ஆட்டம்) தாண்டுவதில்லை. மூவரையும் ஒரே மூச்சில் விற்றுவிடலாமா? பதிலுக்கு என்ன கேட்கலாம்?

பதில் 1:
முதலில் விங். இப்போது வாங்குகிறவருக்கு இரண்டு பிளேஆஃப் கிடைக்கும். ஒரு வருடம் தள்ளிப்போட்டால் ஒன்றுதான், விலையும் அதற்கேற்ப இறங்கிவிடும்.

பிக் (டிராஃப்டில் புது வீரரைத் தேர்வுசெய்யும் உரிமை; பலவீனமான அணிக்கே முன் இடம்) கேட்கும்போது தொலைவான ஆண்டுகளாகக் கேளுங்கள். அவரை வாங்கும் அணி இன்றைக்குப் பலமாகத்தான் இருக்கும், அதன் அடுத்த வருட பிக் 25ஆம் இடத்துக்குப் பக்கத்தில் போய் விழும். ஐந்து வருடம் கழித்து அந்த அணி என்ன நிலையில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, உங்கள் லாபம் அங்கேதான். ஆனால் ஸ்டெபியன் விதிப்படி, வரப்போகும் இரண்டு அடுத்தடுத்த ஆண்டுகளில் முதல் சுற்று பிக்கே இல்லாமல் எந்த அணியும் இருக்கக் கூடாது. அதனால்தான் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் பிக், நடுவில் ஸ்வாப் (இரு அணி பிக்குகளில் நல்லதை எடுத்துக்கொள்ளும் உரிமை) என்று பேரம் அமைகிறது. 2019ல் பால் ஜார்ஜைக் கொடுத்து ஓக்லஹோமா சிட்டி வாங்கியதைப் பாருங்கள்: கிளிப்பர்ஸின் 2022, 2024, 2026 பிக்குகள், 2023, 2025 ஸ்வாப்கள், மயாமி பிக் இரண்டு, கூடவே ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், கலினாரி. அந்த 2022 பிக் 12ஆம் இடத்தில் விழுந்தது, அதில் வந்தவர் ஜேலன் வில்லியம்ஸ்.

பதில் 2:
சென்டரை பிப்ரவரி வீரர் பரிமாற்றக் கெடுவுக்குள் விற்றே ஆக வேண்டும், இல்லையென்றால் கோடையில் சும்மாவே போய்விடுவார். பேசுவதற்கு முன் எதிர் அணியின் மொத்தச் சம்பளத்தைப் பாருங்கள். இரண்டாம் அப்ரானுக்கு (அணிச் சம்பளத்துக்கு லீக் வைத்த மேல்கோடு) மேலே இருக்கும் அணி, இரண்டு மூன்று சின்னச் சம்பளங்களைச் சேர்த்து ஒரு பெரிய சம்பளத்துக்கு ஈடுகட்ட முடியாது. கொடுப்பதைவிட அதிகச் சம்பளம் வாங்கவும் முடியாது. பாதிப் பேரம் இந்த இடத்தில்தான் முறிகிறது. மூன்றாவது அணி ஒன்றை உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கும்.

அவர்களுக்குப் பாரமான ஒப்பந்தத்தை நீங்கள் வாங்கிக்கொண்டால் அதற்குத் தனியாக ஒரு பிக் கேட்கலாம். 2020ல் ஆல் ஹார்ஃபோர்டை ஏற்றுக்கொண்டதற்காகவே பிலடெல்பியாவிடம் 2025 முதல் சுற்று பிக் வாங்கியது ஓக்லஹோமா. அடுத்த கோடையில் அவரை பாஸ்டனுக்கு அனுப்பி 16ஆம் பிக்கும் கெம்பா வாக்கரும் வாங்கியது. ஆனால் அந்த பிலடெல்பியா பிக்குக்கு முதல் 6 இடத்துக்குப் பாதுகாப்பு இருந்தது, அதாவது அந்த இடங்களில் விழுந்தால் கொடுக்க வேண்டியதில்லை. 2025ல் பிலடெல்பியாவுக்கு 3ஆம் இடம் விழ, பிக் அவர்களிடமே தங்கிவிட்டது. பாதுகாப்பு வரியை எழுத்து விடாமல் படியுங்கள்.

பதில் 3:
பாயிண்ட் கார்டு விஷயத்தில் அவசரம் வேண்டாம் என்பேன். 33 வயது, மூன்று ஆண்டு பாக்கி என்றால் இன்றைக்கு அவரை எடுக்க உங்களிடமே பிக் கேட்பார்கள். ஒரு சீசன் நன்றாக ஆடவிட்டு விற்பதே மேல். கிறிஸ் பால் கதை அதுதான்: 2019ல் வெஸ்ட்புரூக்குக்குப் பதிலாக பிக்குகளோடு ஓக்லஹோமாவுக்கு வந்தார், பக்கத்தில் ஷே வளர்ந்தார், அணிக்கு 44 வெற்றி, 28 தோல்வி. 2020ல் அவரை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்து இன்னொரு முதல் சுற்று பிக் வாங்கினார்கள்.

பந்தைச் சரியான நேரத்தில் கையில் கொடுக்க இப்படி ஒரு பாயிண்ட் கார்டு இல்லாவிட்டால், ஒவ்வொரு பிக்-அண்ட்-ரோலிலும் (சக வீரர் தடுப்பாக நின்று வழிவிடும் ஆட்டம்) இரண்டு பேர் அந்த இளம் வீரர் மேல் பாய்வார்கள். அவசரமாக எறியும் கெட்ட பழக்கம் அங்கேதான் தொற்றும்.

தோற்றால் லாட்டரி (பிக் வரிசைக்கான குலுக்கல்) கைகொடுக்கும் என்று நம்பவும் வேண்டாம். 2019 மாற்றத்தில் கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் பிக்குக்குத் தலா 14 சதவீத வாய்ப்புதான் வைத்தார்கள். 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் கடைசி இடத்து அணிக்குக் கிடைத்தது ஐந்தாம் பிக்.

கேள்வி கேட்டவர்:
சரி, பாரமான ஒப்பந்தம் வாங்கினால் எத்தனை ஆண்டுவரை பொறுக்கலாம்?

பதில் 2:
உங்கள் வீரரின் ரூக்கி ஒப்பந்தம் நான்கு ஆண்டு. மூன்றாம் சீசன் முடிந்ததும் நீட்டிப்பில் கையெழுத்திடலாம், ஐந்தாம் ஆண்டிலிருந்து அது கேப்பில் (அணியின் சம்பள வரம்பு) 25 சதவீதம்வரை எடுக்கும்; எம்விபி (ஆண்டின் சிறந்த வீரர்), ஆல்-என்பிஏ (ஆண்டின் சிறந்த வீரர்கள் பட்டியல்) தகுதி கிடைத்தால் 30. ஆகவே இப்போது வாங்கும் எந்தச் சம்பளமும் நான்காம் ஆண்டோடு முடிய வேண்டும். அதைத் தாண்டி ஒரு வருடம் இருந்தாலும் கூடுதலாக ஒரு பிக் கேளுங்கள், தரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.