சூரியன் அடையுமுன் கூலி: விசுவாசத்தின் கடமைகளை நேரில் கண்ட அனுபவங்கள்

பெரம்பூரிலிருந்து

கிறிஸ்தவ விசுவாசம் ஒருவர்மேல் சுமத்தும் கடமைகள் எவை என்று கேட்டால், ஞாயிறு ஆராதனை, தசமபாகம், சபைச் சந்தா, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களின் உபவாசம் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். அவை யாவும் கடமைகளே; ஒன்றையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் அந்த வரிசையில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு கடமையை, எங்கள் சபையின் மூத்த உறுப்பினர் ஒருவர் தம் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டியபோது அருகிலிருந்து கண்டேன்.

அவர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் ஆலைத் தொழிலாளி. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது எங்கள் பெரம்பூரில்தான் என்பதைப் பெருமையோடு நினைவூட்டுவார். நான் பக்கத்து வீட்டுக்காரன் என்பதால், வேலை நடந்த நாட்களில் மாலை நேரங்களை அங்கேதான் கழித்தேன்.

சென்னையில் கட்டட வேலைக்குச் சம்பளம் பெரும்பாலும் சனிக்கிழமைதான். வீட்டுக்காரர் மொத்தப் பணத்தையும் மேஸ்திரியிடம் கொடுப்பார். மேஸ்திரி அதைக் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் பிரித்துக் கொடுப்பார். திங்கட்கிழமை ஆள் வராமல் போய்விடக் கூடாது என்று கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்வதும் உண்டு. இவரோ அன்றன்றைய கூலியை அன்றன்றே, அவரவர் கையிலேயே கொடுப்பதாக முதல் நாளே சொல்லிவிட்டார். மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. “கையில காசு வந்துட்டா நாளைக்கு எவனும் வர மாட்டான் சார்” என்றார். “வராட்டி வேற ஆள் பாத்துக்கலாம்பா. அவங்க கூலி ராத்திரி என் வீட்ல தங்கக் கூடாது” என்று இவர் பதில் சொன்னார்.

காலையிலேயே மளிகைக் கடையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்களை மாற்றி, நூறும் ஐம்பதுமாக ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பார். மாலையில் கரணையும் பாண்டும் கழுவி வைக்கப்பட்டதும் சித்தாள் பெண்களைத்தான் முதலில் அழைப்பார். வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்றவைக்க வேண்டியவர்கள் அவர்கள் என்பது அவர் சொன்ன காரணம். ஒரு நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, பதினோரு மணிக்கெல்லாம் வேலை நின்றுபோயிற்று. அரை நாள் கூலிதான் வழக்கம். அவர் முழு நாள் கூலியையும் எண்ணிக் கொடுத்தார். விடியற்காலையில் கூட்டுரோட்டில் நின்று இந்த வேலையை ஒப்புக்கொண்டு வந்தவர்களுக்கு, அதன்பின் வேறு வேலை கிடைக்கும் நேரம் கடந்துவிட்டது என்பதை அவர் அறிந்திருந்தார். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில், பதினோராம் மணி வேளைவரை, அதாவது நம் கணக்கில் மாலை ஐந்து மணிவரை, தங்களை வேலைக்கு அழைப்பார் ஒருவருமின்றிக் கடைத்தெருவில் நின்றவர்களுக்கும் ஒரு நாளின் முழுக் கூலியான வெள்ளிப்பணத்தைக் கொடுத்த திராட்சத்தோட்டத்து எஜமானைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த உவமையின் பொருள் அந்த மாடிப்படியில்தான் விளங்கிற்று: கூலி குறைந்தால் அன்று இரவு ஒரு வீட்டில் உலை வைக்க முடியாது.

இது அவருடைய தனிப்பட்ட தாராள குணம் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி எண்ணவில்லை. அவரும் அப்படி எண்ணவில்லை. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்பது லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் வரும் கட்டளை. அவன் ஏழை, அந்தப் பணத்தின்மேல் மனதை வைத்திருக்கிறான், ஆகவே சூரியன் அடையுமுன் கொடுத்துவிடு என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது உபாகமம் 24. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். வேதாகமம் இதைத் தர்மமாகப் பேசவில்லை, கடனாகப் பேசுகிறது. விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்தவற்றை ஏலம் விடும்போது ஒரு பூசணிக்காயைப் பல ஆயிரத்துக்கு எடுக்கும் நாம், அதே வாரத்தில் பிளம்பருக்கும் வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கும் தர வேண்டியதை “அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று தள்ளிவைப்போமானால், அந்தக் காணிக்கை யாருடைய பணம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இராயபுரத்திலிருந்து

பெரம்பூர் சகோதரர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடலிலும், கூலியை மறுப்பது விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் குற்றம் என்று யாக்கோபின் அதே வசனம் எடுத்துக்காட்டப்படுகிறது.

என் அனுபவம் ஸ்டான்லி மருத்துவமனையில் நிகழ்ந்தது. என் மாமியார் அங்கே சேர்க்கப்பட்டிருந்தபோது, அடுத்த கட்டிலில் கிடந்த ஒரு பெண்மணியைக் காண மரியாயின் சேனை என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் அமைப்பைச் சேர்ந்த இரண்டு அக்காமார் வந்தார்கள். சேனையினர் வாரந்தோறும் ஒரு பணியை ஏற்று, இருவர் இருவராகச் சென்று, அதைக் கூட்டத்தில் அறிக்கையிட வேண்டியவர்கள். பொருளுதவி செய்ய அவர்களின் விதி இடம் தருவதில்லை, அது வின்சென்ட் தே பவுல் சபையாரின் பணி. ஆகவே பழப்பையோ பணமோ அவர்கள் கையில் இல்லை. வந்தவர்கள் நோயாளியிடம் பேசுமுன், கட்டிலின் கீழே பாயில் உட்கார்ந்திருந்த அவருடைய மகளிடம், “நீ சாப்டியாம்மா? குளிச்சு எத்தனை நாளாச்சு?” என்று கேட்டார்கள். அந்தப் பெண் அழத் தொடங்கினாள். “நாங்க ரெண்டு மணி நேரம் இங்கதான் இருப்போம், நீ வீட்டுக்குப் போய்ட்டு வா” என்று அனுப்பிவிட்டு, ஒருவர் நோயாளியின் வாயை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்க, மற்றவர் சலைன் பாட்டிலில் கண் வைத்திருந்தார். செபமாலை அதன் பிறகுதான்.

நோயுற்றிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள் என்று ஆண்டவர் சொன்னதை, நாம் பெரும்பாலும் ஐந்து நிமிடச் செபமாகவும் ஒரு பாட்டில் ஹார்லிக்ஸாகவும் நிறைவேற்றிவிடுகிறோம். நோயாளியைக் கவனிப்பவர் தூங்கவும் குளிக்கவும் நம் நேரத்தைக் கொடுப்பதும் அந்தச் சந்திப்பில் அடங்கும் என்று அன்றுமுதல் நம்புகிறேன். பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் எங்கள் அன்பியத்தில் இப்போது நோயாளிகளின் பெயர்களோடு, அவர்களுடன் இருப்பவர்களின் பெயர்களையும் குறித்துக்கொள்கிறோம்.

வேப்பேரியிலிருந்து

நான் கணக்கு எழுதும் தொழிலில் இருப்பவன். எங்கள் சபையில் ஒருவர், ஒரு லெந்து காலத்தில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு முன்னே செல்லாமல் தம் இருக்கையிலேயே அமர்ந்துவிட்டார். ஆயர் தனியாக விசாரித்தபோது, தகப்பனார் வீட்டின் வாடகையில் தம்பிக்குச் சேர வேண்டிய பங்கைப் பல ஆண்டுகளாகத் தாமே வைத்துக்கொண்டதாகச் சொன்னார். பிறகு கணக்கை எழுதித் தரும்படி என்னிடம் வந்தார். அம்பத்தூரிலுள்ள தம்பி வீட்டுக்கு என்னையும் அழைத்துச் சென்றார்.

கட்டித் தழுவிக்கொள்ளும் காட்சி எதுவும் அங்கே நடக்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டுத்தான் பேசினார்கள். தம்பி கணக்கை வரிவரியாகப் பார்த்து, ஓர் ஆண்டின் வாடகை விடுபட்டிருப்பதைக் காட்டினார். அண்ணன் மறுபேச்சின்றி அதைச் சேர்த்துக்கொண்டு காசோலை எழுதினார். தம்பி இன்னும் அண்ணன் வீட்டுக்கு வருவதில்லை. “உங்களாலானமட்டும்” சமாதானமாயிருங்கள் என்றுதான் பவுல் ரோமருக்கு எழுதினார், உங்கள் பங்கை நீங்கள் செய்துவிட்டீர்கள் என்று சொல்லி, ஆயர் அவரை ஈஸ்டர் அன்று திருவிருந்துக்கு அழைத்தார்.

காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்ற இயேசுவின் கட்டளை, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வருமானால் என்றே தொடங்குகிறது. எழுந்து போக வேண்டியவர் தீங்கு செய்தவர். நம் சபைகளிலோ இது தலைகீழாக நடப்பதைக் கண்டு மனம் நோகிறேன்: அடிபட்டுத் தாய்வீட்டுக்கு வந்த பெண்ணிடம் “மன்னிச்சிட்டுத் திரும்பிப் போம்மா” என்று சொல்ல நாலு பேர் போகிறார்கள், அடித்தவரிடம் சென்று, நீங்கள் போய்ச் சரிசெய்யும்வரை திருவிருந்துக்கு வராதீர்கள் என்று சொல்ல ஒருவரும் போவதில்லை. மன்னிக்கும் கடமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை நினைவூட்டச் செல்லும் மூப்பர்கள், முதலில் அந்தக் கணவரின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று எங்கள் கமிட்டியில் கேட்டிருக்கிறேன், தொடர்ந்து கேட்பேன்.