பூங்கொசுவா, மொட்டு ஈயா?

அன்பின் நண்பர்களுக்கு,

ஓர்க்கிட் மொட்டைக் கெடுக்கும் கொன்டரினியா மெக்குலிபென்னிஸ் என்ற சிறு பூச்சிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில், சென்னை நண்பர் சொன்ன ‘பூங்கொசு’ காதுக்கு இனிமைதான். ஆனால் கொழும்பில் எங்களைக் கடிப்பது நுளம்பு. கொசு என்றால் கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் பொடிப்பூச்சி. உங்களுக்கோ கொசுதான் கடிக்கும். இரு கரையிலும் இரண்டு பொருள் தரும் சொல் கலைச்சொல்லுக்கு ஆகாது.

‘ஓர்க்கிட் ஈ’யும் சரிவராது. ஆங்கிலத்தில் அந்தப் பெயர் யூரிடோமா ஓர்க்கிடியாரத்துக்குப் போய்விட்டது. அது ஈயே இல்லை, நாலு சிறகுள்ள சின்னக் குளவி! அவர்கள் செய்த குழப்பத்தை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

என் வாக்கு ‘மொட்டு ஈ’க்கு. பெண் ஈ ஊசி போன்ற நீளும் குழலால் மொட்டின் நுனியில் முட்டைகளைக் கூட்டமாக இடும். ஒரு நாளுக்குள் பொரிக்கும் குடம்பிகள் (இளம்புழுக்கள்; இங்கே டெங்கு அறிவித்தல்களில் பார்க்கிற அதே சொல்தான்) உள்ளே நுழைந்து 5 முதல் 7 நாள் வரை தின்னும். மொட்டு கோணி, நிறம் கெட்டு, விரியாமலே உதிரும். வளர்ந்த குடம்பி உடலை வளைத்துத் துள்ளி மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். இரண்டு வாரம் போல மண்ணுக்குள். அப்புறம் மாலைப்பொழுதில் வெளிவரும் நிறையுடலிக்கு, அதாவது முழுதாக வளர்ந்த ஈக்கு, ஆயுள் 4 நாள் அளவுதான். அதற்குள் இணை சேர்ந்து அடுத்த மொட்டைத் தேடியாக வேண்டும்.

‘பூ’ என்று பெயர் வைத்தால் தோட்டக்காரர் விரிந்த பூவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மேலே தெளிக்கும் மருந்து உள்ளே இருக்கும் குடம்பியை எட்டாது. கெட்ட மொட்டுகளைக் கிள்ளிப் பையில் கட்டி அகற்ற வேண்டும். பெயரே அதைச் சொல்லட்டும்.

‘ஈ’ என்பதற்கு முன்மாதிரியும் உண்டு. நெல்லின் ஆனைக்கொம்பன் ஈ இதே குடும்பம். ‘ஓர்க்கிட்’ என்ற முன்னொட்டு வேண்டாம். ஹவாயில் டென்ட்ரோபியம் என்ற ஓர்க்கிட் வகையைக் கெடுக்கும் இதே ஈதான் தமிழ்நாட்டில் மல்லிகை மொட்டையும் கெடுக்கிறது. இனத்தைப் பிரித்துச் சொல்ல ‘புள்ளிச்சிறகு மொட்டு ஈ’ எனலாம். மெக்குலிபென்னிஸின் பொருளும் அதுவே.

அந்த முட்டையிடும் குழலுக்கு ‘சூலிடுகுழல்’ என்று எழுதலாமா? ‘சூல்’ பூவின் உறுப்புக்கும் வழங்குவதால் எனக்குத் தயக்கம். ‘முட்டையிடுகுழல்’ நீளம், ஆனால் மயக்கமில்லை. தாவரவியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.