மனசுக்குள் அடக்கி வைப்பவர்களுக்குத்தான் நோய் வருமா?

கேள்வி:

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து, பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "எதையும் வெளியே சொல்லமாட்டா, உள்ளுக்குள்ளேயே புழுங்குவா, அதான் இப்படி." அக்காவும் அதை நம்பத் தொடங்கிவிட்டாள். "நான் வாயைத் திறந்து நாலு சண்டை போட்டிருந்தா இது வந்திருக்காதோ?" என்று கேட்கிறாள். குணத்தால் நோய் வருமா? நானும் எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள். தலைவலி வந்தாலே தூக்கம் போய்விடும். என் உடம்பையும் இந்தக் குணம் கெடுத்துவிடுமா?

பதில் 1:

இதயநோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். முதலில் அக்கா விஷயம். சுவீடனிலும் பின்லாந்திலும் கிட்டத்தட்ட 60,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2010-ல் ஓர் ஆய்வு வெளியானது. கலகலப்பான சுபாவத்துக்கும் பதற்ற சுபாவத்துக்கும் புற்றுநோய் வருவதோடு தொடர்பு இல்லை என்பதுதான் அதன் முடிவு. இதை இன்றைக்கே அக்காவிடம் சொல்லுங்கள். நோயோடு போராடுகிறவர் தலையில் பழியையும் ஏற்றிவைப்பது அநியாயம்.

அதற்காகக் குணத்துக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது, பெரும்பாலும் அன்றாடப் பழக்கங்கள் வழியாக. 1921-ல் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் கலிஃபோர்னியாவில் சுமார் 1,500 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து ஓர் ஆய்வு தொடங்கினார். அவர்களில் யார் நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்று 1990-களில் பார்த்தபோது, சின்ன வயதில் பொறுப்பும் ஒழுங்கும் உள்ளவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் முன்னால் நின்றார்கள். எப்போதும் சிரித்த முகமாக இருந்த குழந்தைகளின் ஆயுள் அந்த அளவுக்கு நீளவில்லை.

எங்கள் பிரிவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மறுபரிசோதனைக்கு வரும் ஒருவர் காலை, மதியம், இரவு என்று மாத்திரைகளைத் தனித்தனி அறைகளில் பிரித்த டப்பாவோடு வருவார். பிபி அளவுகளைத் தேதி போட்டு எழுதியிருப்பார், கேள்விகளையும் ஒரு தாளில் குறித்துவைத்திருப்பார். பயங்கரமான பதற்றக்காரர்தான்; ஆனால் ஒரு வேளை மருந்தும் தவறாது. இன்னொருவர் ரொம்ப ஜாலியான மனிதர், எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு, நெஞ்சுவலியோடு திரும்பி வந்தார்.

பதில் 2:

டென்ஷன் பேர்வழிகளுக்குத்தான் ஹார்ட் அட்டாக் வரும் என்பார்களே, அதுவும் பொய்யா? என் அப்பா அப்படித்தான், எதிலும் அவசரம்.

பதில் 1 எழுதியவர்:

அது 1950-களில் மேயர் ஃபிரீட்மேன், ரே ரோசன்மேன் என்ற இரண்டு அமெரிக்க இதய மருத்துவர்கள் சொன்ன 'டைப் ஏ' கதை. பிந்தைய ஆய்வுகளில் அது அவ்வளவாக நிற்கவில்லை. அவசரத்தைவிட, அடுத்தவர்மீது எப்போதும் கறுவிக்கொண்டிருக்கும் கோபம்தான் இதயத்துக்கு ஆகாது என்ற பக்கம் பேச்சு திரும்பியது. அப்பாவின் அவசரத்தை விடுங்கள். புகைபிடிக்கிறாரா, பிபி எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, அதைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

அக்காவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் அழுதாள், அப்புறம் சாப்பிட்டாள். நன்றி. என் பயத்துக்கு என்ன வழி?

பதில் 1 எழுதியவர்:

உங்களிடம் பூசி மெழுக விரும்பவில்லை. பதற்ற சுபாவம் அதிகம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றநோயும் வரும் வாய்ப்பு கூடுதல். இதற்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. உடம்பு விஷயத்தில் கணக்கு அவ்வளவு நேரானதல்ல. பிரிட்டனில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி 2017-ல் வந்த ஆய்வில், தங்கள் உடல்நிலை சுமார்தான் என்று சொன்னவர்களில் பதற்றக்காரர்களின் இறப்பு விகிதம் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. சின்ன வலிக்கும் டாக்டரிடம் ஓடுவது காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று, குணம் கல்லில் வெட்டியது அல்ல. அதே 2017-ல் 207 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், மனநலச் சிகிச்சைக்குப் பிறகு குணங்களும் மாறுவது தெரிந்தது; அதிகம் மாறியது பதற்ற சுபாவம்தான். உங்களுக்குத் தூக்கமே போகிறது என்கிறீர்கள். அக்காவின் சிகிச்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல், இப்போதே ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். இனி யாராவது வந்து "உள்ளுக்குள்ளேயே புழுங்குவா" என்று ஆரம்பித்தால், அக்கா காதில் விழும் முன்பே வெளியே அழைத்துப் போய்ப் பேசிவிடுங்கள்.