ஜெட் படகின் 454 டர்போ எஞ்சினைப் பிரித்துக் கட்டணும், எங்கிருந்து தொடங்கலாம்?

முட்டுக்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். ஈசிஆரில் ஒருவரிடமிருந்து பழைய அமெரிக்க ஜெட் படகு ஒன்று வாங்கினேன். 18 அடி ஃபைபர் உடல், பின்னால் தண்ணியை உறிஞ்சிப் பீய்ச்சிப் படகைத் தள்ளுகிற பெர்க்லி ஜெட் பம்ப், நடுவில் செவர்லே 454 பிக்-பிளாக், அதாவது 7.4 லிட்டர் பெட்ரோல் வி8. முன்னால் வைத்திருந்த யாரோ அதன் மேல் ஒரு கார் டர்போவை ஏற்றி, கார்புரேட்டருக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற மாதிரி குழாய் போட்டிருக்கிறார்கள். ரேடியேட்டர் எல்லாம் கிடையாது, பம்ப் இழுக்கிற தண்ணியில் கொஞ்சம் எஞ்சினுக்குள் போய்ச் சுற்றிவிட்டு வெளியே வந்துவிடும்.

இப்போது பிரீதரில், அதாவது எஞ்சின் உள்காற்று வெளியேறும் குழாயில், புகை. ஏழாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் 60 பிஎஸ்ஐ, மற்றதெல்லாம் 130க்கு மேல். பிஸ்டனை எடுத்துப் பார்த்தால் மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கிற வரம்பு ஒரு துண்டு உடைந்து போயிருக்கிறது. பிரித்ததுதான் பிரித்தோம், 30 தவ் (ஒரு தவ் என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் போர், அடித்து வார்த்த ஃபோர்ஜ்டு பிஸ்டன், டர்போ கொடுக்கிற அழுத்தம் அதாவது பூஸ்ட் 8 பவுண்டு என்று முழுசாகக் கட்டிவிடலாம் என்று யோசனை. சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் 454 என்று சொன்னால் எந்த லாரிக்கு என்று கேட்கிறார்கள். ரிங் கேப் (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி), பேரிங் கிளியரன்ஸ் எவ்வளவு வைப்பது? இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேத்காரன்_அம்பத்தூர்:
பிஸ்டனுக்கு இன்னும் ஆர்டர் போடாதீங்க. முதலில் அந்த உடைந்த பிஸ்டனின் மேல் ரிங்கை எடுத்து இரண்டு முனைகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். முனைகள் பளபளவென்று இருந்தால் சூட்டில் ரிங் நீண்டு, ஒன்றோடொன்று முட்டி, போக இடமில்லாமல் வரம்பைப் பிய்த்திருக்கிறது என்று அர்த்தம். முனை மங்கலாக இருந்து, பிஸ்டன் தலையின் ஓரம் மணல் அடித்தது போலப் பொரிந்து, பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக அலுமினியம் ஒட்டியிருந்தால் அது நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஏழு ஏன் போனது என்பதற்கு இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. இந்த எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கிற வரிசை, 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், அடுத்தடுத்து வெடிப்பவை, அதனால் அந்த மூலையில் சூடு எப்போதும் கூடுதல். அதோடு ஜெட் படகில் எஞ்சின் பின்பக்கம் சரிந்து உட்கார்ந்திருக்கும், ஏழு கடைசியில். பம்ப் அள்ளிக்கொண்டு வருகிற மணலும் சேறும் வாட்டர் ஜாக்கெட்டின் (சிலிண்டரைச் சுற்றித் தண்ணி ஓடும் இடம்) பின்கோடியில்தான் போய்ப் படியும். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கிற தகட்டு மூடியான வெல்ச் பிளக்கைத் தட்டி எடுத்துவிட்டு ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். முட்டுக்காட்டில் ஓட்டிய படகு என்றால் மணல் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அப்புறம், உப்புத்தண்ணி ஓடிய பிளாக்கை அளக்காமல் 30 தவ் வெட்டக்கூடாது. துரு உள்ளே இருந்து தின்றுகொண்டு வரும், வெளியே ஒன்றும் தெரியாது. அல்ட்ராசோனிக் தடிமன் மீட்டர் வைத்திருக்கிற ஆட்கள் அம்பத்தூர், கிண்டி எஸ்டேட் பக்கம் வெல்டிங் சோதனைக்கு வருவார்கள். ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று நாலு பக்கமும் அளக்கச் சொல்லுங்கள். பிரஷர் டெஸ்ட்டும் கிராக் டெஸ்ட்டும் கூடவே முடித்துவிடலாம். தேறினால் மேலே பேசலாம்.

தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் கைக்கு வந்து, ஒவ்வொன்றாக அளந்த பிறகுதான் போர். மேல் ரிங் கேப், இந்த மாதிரி பூஸ்ட்டுக்கு, போரின் ஒவ்வொரு இன்ச்சுக்கும் 6 தவ். 4.28 இன்ச் போருக்கு 26 தவ் வரும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு வைக்கிற 17 தவ்வை வைத்தால் மறுபடி இதே கதைதான். பிஸ்டன் கம்பெனி தாளில் வேறு எண் இருந்தால் அதையே வையுங்கள். பேரிங் கிளியரன்ஸ் என்றால், கிராங்க் ஷாஃப்ட்டின் மெயின் ஜர்னல் 2.75 இன்ச், அதற்கு இரண்டே முக்கால் தவ் சரியாக இருக்கும். கனெக்டிங் ராடின் பிக் எண்டுக்கு இரண்டேகாலிலிருந்து இரண்டரை தவ். ஹோனிங் செய்யும்போது ஹெட் மாட்டிய மாதிரி இறுக்க ஒரு டார்க் பிளேட் வேண்டும், 454க்கு இங்கே யாரிடமும் கிடைக்காது, தடிமனான தகட்டில் நாமே துளை போட்டுச் செய்துகொள்ள வேண்டியதுதான். போல்ட் எல்லாம் இன்ச் நூல், மறந்துபோய் மில்லிமீட்டர் போல்ட்டை ஏற்றிவிடப் போகிறார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

காசிமேட்டு_டீசல்:
தம்பி, நான் விசைப்படகு டீசல் மிஷின் ஆள், உங்கள் வி8 எனக்குப் பழக்கமில்லை. ஆனால் தண்ணி எல்லா மிஷினுக்கும் ஒன்றுதான். கடல்தண்ணியை நேராக பிளாக்குக்குள் விடுவதை முதலில் நிறுத்துங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சர் போட்டு, உள்ளே கூலன்ட், வெளியே கடல்தண்ணி என்று பிரித்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டும் அப்போதுதான் ஒழுங்காக வேலை செய்யும். பச்சைத்தண்ணியில் எஞ்சின் சூடே ஏறாமல் ஓடினால் பெட்ரோல் ஆயிலில் இறங்கும், அது பேரிங்குக்கு எமன். ஜெட் பம்ப் வேகம் கூடக் கூடத் தண்ணி அழுத்தமும் ஏறும், வழியில் ஒரு ரெகுலேட்டர் இல்லாவிட்டால் கேஸ்கெட் பிய்த்துக்கொள்ளும்.

எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்தக் கார் டர்போ. காசிமேட்டில் டீசல் என்பதால் பிழைக்கிறோம். உங்களுடையது பெட்ரோல், அதன் ஆவி காற்றை விடக் கனம், பில்ஜில், அதாவது படகின் அடித்தளத்தில், போய்த் தேங்கி நிற்கும். அதற்கு மேலே மூடிய பெட்டிக்குள் சிவக்கச் சிவக்க ஒரு டர்பைன். வாட்டர் ஜாக்கெட் உள்ள மரைன் ஹவுசிங் தேடுங்கள். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் இரண்டும் தீப்பொறி வெளியே வராத மரைன் வகையாக இருக்கணும், புதுப்பேட்டையில் கிடைத்த கார் சாமான் வேண்டாம். சாவி போடுவதற்கு முன்னால் அந்த ஆவியை வெளியே இழுக்கிற புளோயரை நாலைந்து நிமிஷம் ஓட விடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க.

ஓஎம்ஆர்_வேகம்:
ஒரு கேள்வி, 8 பவுண்டு எதற்கு? ஜெட் பம்ப் விழுங்குகிற பவர் ஆர்பிஎம்மின் கன மடங்கில் ஏறும். இப்போது முழு திராட்டிலில் 4,500 என்றால், பவரை ஒன்றரை மடங்கு ஆக்கினாலும் சுமார் 5,150தான் தொடும். பம்ப்பின் உள்ளே சுற்றுகிற இம்பெல்லரை மாற்றாமல் பூஸ்ட் மட்டும் ஏற்றினால் எஞ்சின் வெந்துபோவதுதான் மிச்சம். கார் மாதிரி இடையிடையே ஓய்வும் கிடைக்காது, கைப்பிடியைத் தள்ளி வைத்திருக்கிற வரைக்கும் முழு லோடு. அலையில் பம்ப் காற்றை விழுங்கினால் லோடு சட்டென்று விட்டுப்போய், டர்போ சுற்றிக்கொண்டிருக்க, ஆர்பிஎம் ஊசி எகிறும். ரெவ் லிமிட்டர் இல்லாமல் தண்ணியில் இறக்காதீங்க. என் கட்சி, டர்போவைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு சீசன் ஓட்டுங்கள்.

முட்டுக்காட்டான்:
லேத் அண்ணே, பார்த்துவிட்டேன். ரிங் முனை மங்கல்தான். பிஸ்டன் ஓரம் பொரிந்திருக்கிறது, பிளக்கில் பொடியும் இருக்கிறது. வெல்ச் பிளக்கைத் தட்டினதும் பின்பக்கம் கறுப்பு மணல் கட்டியாக விழுந்தது, நடுவே நைலான் வலை நூல் வேறு. காசிமேட்டு அண்ணே, டர்போ விஷயம் புரிந்தது, ஜாக்கெட் போட்டது கிடைக்கும் வரை மாட்ட மாட்டேன். ஆனால் ஓஎம்ஆர், டர்போவே வேண்டாம் என்றால் அப்புறம் எதற்கு இந்தப் படகு!

லேத்காரன்_அம்பத்தூர்:
அப்படியென்றால் நாக்கிங்தான், பிஸ்டன் மட்டும் மாற்றினால் அதுவும் போகும். பெட்ரோல் என்ன போட்டீர்கள்? அமெரிக்கக்காரன் புத்தகத்தில் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) 91 என்று எழுதியிருப்பது நம்ம ஊர் 91 இல்லை. அவன் இரண்டு அளவின் சராசரியைப் போடுகிறான், அது நம்ம கணக்கில் 95க்கு மேல் வரும். இன்னொன்று, இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால். வெறும் பெட்ரோலுக்கு 14.7க்கு 1 என்ற காற்றுக் கணக்கு இதற்கு 13.5 பக்கம் இறங்கிவிடும். கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளையான ஜெட் பழைய சைஸிலேயே இருந்தால் கலவை மெலிந்து போகும், அதோடு மணல் அடைத்த மூலை, மேலே பூஸ்ட், ஏழாவது என்ன செய்யும் பாவம். ஜெட்டைப் பெரிசு பண்ணுங்கள், எக்ஸாஸ்ட்டில் ஒரு வைட்பேண்ட் சென்சார் மாட்டி, கலவையை லாம்ப்டாவில் (சரியான கலவை என்றால் 1) படியுங்கள், பூஸ்ட் ஏறும்போது இக்னிஷனைப் பின்னால் இழுக்க ஒரு பெட்டியும் வேண்டும். கம்ப்ரஷன் விகிதம் எட்டு, எட்டரைக்கு மேல் போகாதீங்க. எத்தனால் தண்ணியை இழுக்கும், படகை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி பண்ணுங்கள்.

காசிமேட்டு_டீசல்:
கட்டி முடித்து கரையில் ஓட்டிப் பார்க்கும்போது பம்ப் ஷாஃப்ட்டைக் கழற்றிவிடுங்கள், தண்ணி இல்லாமல் பம்ப் சுற்றக்கூடாது. ஹோஸ் பைப்பில் கூலிங் கொடுத்தால் முதலில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணு, பிறகு தண்ணியைத் திற. நிறுத்தும்போது தண்ணியை மூடிவிட்டுத்தான் எஞ்சினை நிறுத்தணும். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாக சிலிண்டருக்குள் தண்ணி ஏறிவிடும், அடுத்த தடவை ஸ்டார்ட் அடிக்கும்போது கனெக்டிங் ராடு வளையும்.